பழைய பென்ஸ் இ-கிளாஸ்: மலையகப் பாதைக்கு எந்த ஆண்டுக் கார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் கார்களின் இரண்டு தலைமுறைகள்: 2002 முதல் 2009 வரை வந்த டபிள்யூ 211, அதன்பின் 2016 வரை வந்த டபிள்யூ 212. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, பதுளை என்று ஏற்றமும் இறக்கமும் மழையும் மூட்டமுமான ஊர்களில் காரை நாள்தோறும் ஓட்டப்போகிறவர்களுக்காக எழுதப்பட்டது. கொழும்பில் சரியாக இருக்கும் கார் இங்கே வந்ததும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

விளம்பரத்தில் 2007 என்று போட்டிருக்கிறார்கள். அது 2007 கார்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் நாட்டு விளம்பரங்களில் உற்பத்தி ஆண்டு ஒன்று, பதிவு ஆண்டு இன்னொன்று. 2005இல் செய்த கார் இங்கிலாந்திலோ ஜப்பானிலோ ஓரிரு வருடம் ஓடி, 2007இல் இங்கே பதிவாகியிருந்தால் விற்பவர் பெரிய எண்ணைத்தான் முன்னால் வைப்பார். இந்தக் காரில் அந்த இரண்டு வருடத்துக்குள் பிரேக் முறையே மாறிவிட்டது. அதனால் பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். நான்கு கதவுக் கண்ணாடிகளிலும் மூலையில் சின்னதாகத் தயாரிப்பு முத்திரை இருக்கும். அதில் ஆண்டைக் குறிக்கும் எண்ணும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் தைத்திருக்கும் லேபலில் தேதி தெரியும். கண்ணாடி ஒரு வருடமும் பெல்ட் இன்னொரு வருடமும் சொன்னால் கார் அடிபட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். செசி நம்பரின் 4, 5, 6ஆம் இடங்களில் 211 அல்லது 212 என்று இருக்கும். 10ஆவது இடத்தில் உள்ள எழுத்து ஆண்டைக் காட்டும் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்கக் கார்களுக்கு அது பொருந்தும். நமக்கு வரும் வலப்பக்க ஸ்டியரிங் பென்ஸில் அந்த இடத்தில் வரும் 2 ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைத்தான் சொல்கிறது.

2002 முதல் 2006 வரையுள்ள டபிள்யூ 211 ஏன் இவ்வளவு மலிவு?

பிரேக்தான் காரணம். அந்தக் கார்களில் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் முறை இருக்கிறது. சாதாரணக் காரில் நீங்கள் மிதிக்கும் விசையை வெக்யூம் பூஸ்டர் பெருக்கி, பிரேக் ஒயில் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்பும். எஸ்.பி.சி.யில் மிதியின் அசைவைச் சென்சர் படிக்கிறது. மின்பம்பு அழுத்தம் ஏற்றி வைத்திருக்கும் நைட்ரஜன் கலத்திலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக அழுத்தம் போகிறது. வேலை செய்யும்போது மிக அருமையான பிரேக். மழை ஈரத்தை டிஸ்கிலிருந்து தானே துடைத்துவிடும்.

ஆனால் அந்த அலகுக்கு ஆயுள் எண்ணிக்கை ஒன்று வைத்திருக்கிறார்கள். சுமார் 3 லட்சம் தடவை பிரேக் மிதித்ததும், பிரேக்கைப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை மீட்டரில் வரும். நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அந்த எண்ணிக்கை வர நீண்ட காலம் பிடிக்கும். றம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் ஓடும் கார் அந்த எண்ணிக்கையை வேகமாகத் தின்றுவிடும். அலகு கைவிட்டால் முன்சக்கரங்களுக்கு மட்டும் நேரடி ஒயில் அழுத்தம் போகும். மிதி ஆழமாக இறங்கும், பலம் போட்டு மிதிக்க வேண்டும். கார் நிற்கும், ஆனால் வழக்கமான தூரத்தில் நிற்காது. லபுக்கலையிலிருந்து நான்கு பேரோடும் சாமானோடும் இறங்கும்போது நடந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2004இல் பென்ஸ் நிறுவனமே இந்த பிரேக்குக்காகச் சுமார் 6,80,000 கார்களைத் திருப்பி அழைத்துச் சரிபார்த்தது. 2006 நடுவில் வந்த மாற்றத்தோடு இ-கிளாஸில் எஸ்.பி.சி.யை எடுத்துவிட்டு, பழையபடி வெக்யூம் பூஸ்டர் வைத்தார்கள்.

எஸ்.பி.சி. உள்ள காரா என்று உடனே கண்டுபிடிப்பது எப்படி?

பொனட்டைத் திறந்து, ஓட்டுனர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே உள்ள சுவரைப் பாருங்கள். பிரேக் ஒயில் போத்தலுக்குப் பின்னால் கறுப்பான, தட்டையான பெரிய வட்ட டப்பா இருந்தால் அது வெக்யூம் பூஸ்டர், புதிய முறை. இல்லாவிட்டால் எஸ்.பி.சி. இன்னொரு அடையாளம் சத்தம். பூட்டி வைத்த காரை ரிமோட்டால் திறந்தவுடன், அல்லது கதவைத் திறந்தவுடன், முன்பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி “விர்ர்” என்று பம்பு ஓடினால் எஸ்.பி.சி.

வெளியே பார்த்தால், மாற்றத்துக்குப் பிந்திய காரில் கிரில் முன்னோக்கிக் கூராக நீண்டிருக்கும். முன் பம்பரும் பின் விளக்குகளும் மாறியிருக்கும். ஆனால் பம்பரையும் விளக்கையும் மாற்றிப் பழைய காரைப் புதியதாகக் காட்டுவது எளிது. பூஸ்டரை அப்படி மாற்ற முடியாது. அதனால் பொனட்டுக்குள் பார்த்ததையே நம்புங்கள்.

விற்பவர் “எஸ்.பி.சி. கவுண்டரை ரீசெட் செய்தாகிவிட்டது” என்கிறார். அது போதுமா?

போதாது. காரின் கம்பியூட்டரைப் படிக்கும் ஸ்கேனரால் எண்ணை 0 ஆக்கலாம், எச்சரிக்கையும் மறையும். உள்ளே தேய்ந்த மோட்டரும் அழுத்தம் இழந்த கலமும் அப்படியேதான் இருக்கும். அலகு மாற்றியதற்கு பில் இருந்தால், புதிய அலகா, பழைய காரிலிருந்து கழற்றியதா என்று பார்த்து, அதற்கேற்ப விலை பேசலாம். பில் இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே எஸ்.பி.சி. கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விடயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பிரேக் பேட் மாற்றும் முன் ஸ்கேனரால் எஸ்.பி.சி.யைச் செயலிழக்கச் செய்தே ஆக வேண்டும். செய்யாமல், பேட்டை டிஸ்கில் அழுத்தும் கெலிப்பரில் கை வைத்திருக்கும் நேரம் யாராவது கதவைத் திறந்தால் பம்பு தானாக ஓடி, பிஸ்டனை வெளியே தள்ளும், விரல் நசுங்கும். இது தெரியாத கராஜில் இந்தக் காரை விடாதீர்கள்.

2006 கடைசி முதல் 2009 வரையுள்ள இ 200 கொம்ப்ரெசர் எப்படி?

மலையகத்தில் குறைந்த செலவில் பென்ஸ் வைத்திருக்க விரும்புபவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். 1.8 லீட்டர் எம் 271 இஞ்சின். முன்பு 163 குதிரைவலு, மாற்றத்துக்குப்பின் 184. கியர் பொக்ஸ் 722.6 என்ற 5 கியர் ஓட்டோ. பிரேக் சாதாரண முறை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள நல்ல பாஸ் (மெக்கானிக்) ஒருவர் ஒரு ஸ்கேனரோடு இதைப் பராமரித்துவிட முடியும்.

அதன் நோய்கள் தெரிந்தவைதான். முதலாவது டைமிங் செயின், அதாவது இஞ்சினுக்குள் கிரான்க்கையும், வால்வுகளைத் திறக்கும் கேம்களையும் இணைக்கும் சங்கிலி. செயின் நீண்டால் அதோடு, கேம் முனையில் உள்ள கேம் அட்ஜஸ்டரின் பற்களும் தேயும். பார்க்கும் முறை இது: இரவு முழுக்க நின்ற காரை, குளிர்ந்த இஞ்சினோடு ஸ்டார்ட் செய்யுங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரிக் காலை இதற்கு மிகப் பொருத்தம். முதல் 2, 3 விநாடி சங்கிலி உருளும் சத்தம் கேட்டால் சந்தேகம் உறுதி. விற்பவர் நீங்கள் வருமுன்பே இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். உறுதியாக அறிய மேல் கவரைக் கழற்றி, கிரான்க் புலியைக் குறியில் நிறுத்தி, இரண்டு கேம் குறிகளும் நேரே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாற்றும்போது செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதிய செயினையும் கெடுக்கும். இரண்டு அட்ஜஸ்டர்களையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இரண்டாவது நோய் பலருக்குத் தெரியாது. இஞ்சின் தலையின் முன்பக்கம் கேம் அட்ஜஸ்டர்களை இயக்கும் இரண்டு கேம் மெக்னட்டுகள் ஒயில் கசியும். ஒயில் வெளியே சொட்டாமல் வயருக்குள்ளேயே ஊர்ந்து, ஒக்சிஜன் சென்சர் வரைக்கும், சில கார்களில் இஞ்சின் கம்பியூட்டர் வரைக்கும் போய்விடும். மெக்னட்டின் பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு வெள்ளைத் துணி முனையைத் தொட்டுப் பாருங்கள். துணி காய்ந்திருந்தால் நல்லது. ஒயில் ஒட்டினால் கம்பியூட்டரின் பிளக்கையும் அப்படியே பாருங்கள். அங்கேயும் ஒயில் இருந்தால் வாங்க வேண்டாம்.

இஞ்சின் ஒயில் 5.5 லீட்டர், பென்ஸின் 229.5 தரம், 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40. பெட்ரோல் 95 ஒக்டேன்தான். 92 ஊற்றி ஏற்றத்தில் அழுத்தினால் இஞ்சின் தட்டும்.

50 முதல் 80 கி.மீ. வேகத்தில் கார் நடுங்குகிறது. கியர் பொக்ஸ் போய்விட்டதா?

போயிருக்கலாம். காரணத்தைப் பிடிக்க வேண்டும். டபிள்யூ 211இன் ஆரம்ப வருடக் கார்களில், கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. அந்த ரேடியேட்டர்களில் ஒரு வகை உள்ளே கசிந்து, கூலன்ட் கியர் ஒயிலில் கலந்துவிடும். கூலன்ட்டில் உள்ள கிளைகோல் பட்டதும், இஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வர்ட்டரின் கிளட்ச் தட்டு கெட்டு, சாலையில் வரிசையாகச் சிறு மேடு போட்டிருப்பதுபோல் கார் அதிரும். வெறும் ஒயில் மாற்றத்தால் அது சரியாகாது. கிளைகோல் இருக்கிறதா என்று ஒயிலைச் சோதித்துவிட்டு, இருந்தால் ரேடியேட்டர், கன்வர்ட்டர், ஒயில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ரேடியேட்டரை முன்னதாகவே மாற்றியிருந்தால் அந்தக் காருக்கு மதிப்பு அதிகம்.

கலப்பு இல்லாமல் சாதாரண நடுக்கம் என்றால், பெரும்பாலும் பழைய ஒயில்தான். இந்தப் பொக்ஸில் ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் இருக்காது, குழாய் மட்டும் மூடியோடு இருக்கும். சரியான அளவு தனி டிப் ஸ்டிக்கால், ஒயில் சுமார் 80 பாகை சூட்டில் பார்க்கப்பட வேண்டும். முழு மாற்றத்துக்கு 7.5 முதல் 8 லீட்டர், 236.14 தரம், புது ஃபில்டர், புது கேஸ்கட். பொக்ஸின் வலப்பக்கம் வயர் நுழையும் 13 பின் பிளக்கின் ரப்பர் வளையமும் கசியும். மிக மலிவான பாகம், ஒயில் மாற்றும்போதே போட்டுவிடுங்கள். அதை விட்டால் ஒயில் வயர் வழியே கியர் கம்பியூட்டர்வரை போகும்.

டபிள்யூ 212இல் எந்த ஆண்டை எடுப்பது?

மூன்று கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். 2009 – 2011 தொடக்கம்: நான்கு சிலிண்டர் கார்களுக்கு இன்னும் பழைய 5 கியர் பொக்ஸ். 2011 – 2013: 7 கியர் பொக்ஸும், சிக்னலில் இஞ்சினை நிறுத்தும் வசதியும் வந்தது. 2013 – 2016: முகம் மாறியது. முன்னால் நான்கு தனித்தனி விளக்கு இருந்தால் பழையது, ஒவ்வொரு பக்கமும் ஒற்றைக் கண்ணாடிக்குள் விளக்குகள் சேர்ந்திருந்தால் புதியது.

பெட்ரோலில், 2009 – 2013 இ 200 சி.ஜி.ஐ.யில் இருப்பது எம் 271 எவோ, 184 குதிரைவலு டர்போ. ஓட்டம் நல்லது. ஆனால் டைமிங் செயினும் கேம் பற்களும் தேய்வது இதில் பழைய கொம்ப்ரெசரைவிட மோசம். மேலே சொன்ன குளிர் ஸ்டார்ட் சோதனை இங்கே இரட்டிப்பு அவசியம். செயின் மாற்றிய பில் இருக்கும் காரையே தேடுங்கள். ஓடிய தூரம் குறைவு என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள், கிட்டத்து ஓட்டமும் ஒயில் மாற்றத் தாமதமும் செயினை முன்கூட்டியே கெடுக்கும்.

2013க்குப் பிந்திய இ 200இல் 2.0 லீட்டர் எம் 274. இந்தத் தலைமுறையில் பெட்ரோலுக்குச் சிறந்தது இதுவே. இதிலும் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கேம் அட்ஜஸ்டர் ஒரு விநாடி கடகடக்கும் கார்கள் உண்டு. அட்ஜஸ்டர் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

7 கியர் பொக்ஸ் புதிய வகைக்கு நீல நிற ஒயில், 236.15. பழைய 722.6க்குப் போடும் சிவப்பு ஒயிலை இதில் ஊற்றினால் பொக்ஸ் கெடும்.

டீசல் எடுக்கலாமா? ஏற்றத்துக்கு இழுவை நல்லதுதானே?

இழுவை நல்லதுதான். இ 220 சி.டி.ஐ. டீசலை கொட்டகலை ஏற்றத்தில் ஓட்டியவர்களுக்குப் பெட்ரோலுக்குத் திரும்ப மனம் வராது. ஆனால் உங்கள் ஓட்டம் எப்படி என்று முதலில் பாருங்கள்.

டபிள்யூ 212 டீசலின் புகைக்குழாயில் டீ.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துத் தீர்க்க, கார் சூடான இஞ்சினோடு மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் சுமார் 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கோ, நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கோ அன்றாடம் போய் வருபவருக்கு அப்படி ஓட இடமேது? எரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றால் டீசல் இஞ்சின் ஒயிலில் இறங்கும். ஒயில் அளவு கூடிக்கொண்டே போவதைக் கண்டால் காரணம் அதுதான். வாரம் ஒருமுறையாவது கொழும்புக்கு நெடுந்தூரம் போகிறவர் டீசல் எடுக்கலாம். ஊருக்குள்ளேயே ஓடுகிறவர் பெட்ரோல் எடுங்கள். சுப்பர் டீசல் மட்டும் அடிக்கவும். ஒயில் 6.5 லீட்டர், சாம்பல் குறைந்த 229.51 அல்லது 229.52 தரம்.

ஆண்டைப் பொறுத்தவரை, 2009 – 2011இல் வந்த ஓ.எம். 651 டீசல் இஞ்சின்களில் எரிபொருளைப் பீய்ச்சும் பியெசோ இன்ஜெக்டர்கள் பெருமளவில் பழுதாகி, பென்ஸ் வேறு வகை இன்ஜெக்டருக்கு மாறியது. அந்த வருடக் கார் என்றால், செசி நம்பரைக் கொடுத்து மாற்றப்பட்டதா என்று முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இஞ்சினின் டைமிங் செயின் பின்பக்கம், கியர் பொக்ஸை ஒட்டி இருக்கிறது. அங்கே சத்தம் வந்தால் செலவு பெரிது.

டீ.பி.எஃப்.ஐ வெட்டியெடுத்த கார்களும் சந்தையில் உண்டு. குழாய் முனைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்யும் காரில் கரி அநேகமாக ஒட்டாது. வருடா வருடம் வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது வடிகட்டி இல்லாத கார் உங்கள் தலைவலி ஆகும்.

இ 300 புளூடெக் ஹைபிரிட் மலை இறக்கத்தில் பெட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்யும் என்கிறார்களே?

செய்யும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு சுமார் 1,900 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 5 கிலோவாட் மணி சக்தி வெளிவரும். இதன் லித்தியம் பெட்டரியின் கொள்ளளவு 0.8 கிலோவாட் மணிதான். இறக்கத்தின் முதல் பகுதியிலேயே பெட்டரி நிறைந்துவிடும். மீதித் தூரத்துக்கு இஞ்சின் பிரேக்கையும் கால் பிரேக்கையும்தான் நம்ப வேண்டும். நகர நெரிசலில் மிச்சம் பிடிப்பதுதான் இந்தக் காரின் பலம்.

இதன் பெட்டரியைப் பொனட்டுக்குள், இஞ்சின் வெப்பத்தின் அருகே வைத்திருக்கிறார்கள், ஏ.சி. வாயுதான் அதைக் குளிர வைக்கிறது. ஆகவே ஏ.சி. பலவீனமான ஹைபிரிட் காரை ஏ.சி. பழுது என்று மட்டும் எண்ணாதீர்கள். இதுவும் டீசல் கார்தான் என்பதால் மேலே சொன்ன கரி வடிகட்டிப் பிரச்சினையும் உண்டு. உயர் மின்னழுத்தம் பழகிய ஆள் அருகில் இல்லாத ஊரில் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

உயரத்தில் இஞ்சின் வலு குறைவது எவ்வளவு?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போவோ கொம்ப்ரெசரோ இல்லாத இஞ்சின் அதே அளவு வலுவை இழக்கும். பழைய இ 240இன் 177 குதிரைவலு அங்கே 150க்கும் கீழே இறங்கிவிடும். டர்போ இஞ்சின் அழுத்தத்தைக் கூட்டி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்யும்.

இன்னொன்று, அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். கூலன்ட் போத்தல் மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லையென்றால், வெறும் தண்ணீர் ஊற்றிய கார் மேலே போய்க் கொதிக்கும். கொழும்பில் அதே கார் ஒன்றும் சொல்லாது. மூடி மலிவு, பழையதானால் மாற்றிவிடுங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி.

இ 280, இ 350?

இவற்றில் வரும் எம் 272 வி6 இஞ்சின்களில் 2006 வரை தயாரானவற்றில், அதிர்வைக் குறைக்கும் பெலன்ஸ் ஷாஃப்டின் பற்சக்கரம் தேயும்; அதற்கு இஞ்சினையே இறக்க வேண்டும். 2007க்குப் பிந்தியதை எடுங்கள், அல்லது வேலை முடிந்த பில்லைப் பாருங்கள். எயார் சஸ்பென்ஷன் உள்ளதா என்றும் பாருங்கள். தோட்டத்துக் கல் பாதையில் அது வேண்டாம்.

காருக்குள் சூடு தரும் கீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவசியமா?

மற்ற ஊர்க்காரர் யாரும் பார்க்க மாட்டார்கள், நாம் பார்க்க வேண்டும். கொழும்பில் 10 வருடம் ஓடிய காரில் கீட்டரை ஒருநாளும் திறந்திருக்க மாட்டார்கள். இஞ்சின் சூடானதும் இரண்டு பக்கத்தையும் முழுச் சூட்டில் வையுங்கள். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் வந்தால், இரு பக்கத்துக்கும் சுடுநீரை விடும் டுவோ வால்வு இறுகிப்போயிருக்கிறது. மூட்டத்தில் கண்ணாடி வேர்க்காமல் இருக்க கீட்டரும் ஏ.சி.யும் ஒன்றாக ஓட வேண்டும்.

அப்படியே கண்ணாடிக்கு அடியில் உள்ள நீர் வடிகால்களையும் பாருங்கள். சவுக்கு மரத்து இலை அடைத்து, மழைநீர் உள்ளே இறங்கும். கால் விரிப்பைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள்; ஈரம் வந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ மின் பழுதுகள் பின்னால் வரிசையில் நிற்கும்.

சாவியைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. பெட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

டபிள்யூ 212இல் இது பெரும்பாலும் ஸ்டியரிங் லொக். சாவியைச் செருகியதும் ஸ்டியரிங்கை விடுவிக்கும் சிறு மோட்டர் தேய்ந்து நின்றுவிட்டால், கார் சாவியை ஏற்காது. ஸ்டியரிங் பூட்டியபடியே இருப்பதால் இழுத்துப் போகவும் முடியாது. மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்து வளைவில் இது நடந்தால் முழு நாள் போய்விடும். வாங்கும்போது சாவியைப் பலமுறை செருகி எடுங்கள். மெல்லிய “கிளிக்” தாமதமாக வந்தாலோ, சில நேரம் வராமல் போனாலோ, முழுதாக நிற்பதற்குள் மாற்றிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன வரிசை?

குளிர் ஸ்டார்ட் முதலில். பிறகு ஸ்கேனரைப் போட்டு எல்லாப் பகுதிகளின் பிழைகளையும் படியுங்கள், ஓட்டிவந்த பின் மறுபடியும் படியுங்கள். இரண்டுக்கும் இடையில் புதிதாக வந்ததுதான் உண்மையான பழுது. முன்பே இருந்ததை அழித்துவிட்டுக் காட்டுவது வழக்கம்.

ஏற்றம் ஒன்றில் பாதி எக்சிலேட்டரில் ஏறி, வெப்பமானி 90ஐ ஒட்டி அசையாமல் நிற்கிறதா பாருங்கள். மேலே போய், சரிவில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, கால் பார்க்கிங் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்திப் பாருங்கள். ஓட்டோ காரில் பலரும் பி-யை மட்டும் நம்பி நிறுத்துவார்கள். அந்த பிரேக் பல கார்களில் தளர்ந்திருக்கும், ஷூ துருப்பிடித்தும் இருக்கும்.

இறங்கும்போது கியரைக் குறைத்து 3ஆம் கியருக்கு வாருங்கள். கார் இழுத்துப் பிடிக்க வேண்டும், இடி இல்லாமல். 5 கி.மீ. இறங்கிய பின் ஒருமுறை பலமாக மிதியுங்கள். மிதி பஞ்சுபோல் இறங்கினால் பிரேக் ஒயிலில் ஈரம் ஏறியிருக்கிறது. ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. டிஸ்கின் மையத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து ஒப்பிடுங்கள். பிரேக் ஒயில் டொட் 4 பிளஸ். இங்குள்ள ஈரக் காற்றில் 2 வருடத்துக்கு மேல் விட வேண்டாம்.

மேடு பள்ளத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டி, முன்பக்கம் “டொக் டொக்” கேட்கிறதா கவனியுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மும் போல் ஜொயின்ட்டும் நம் பாதையில் சீக்கிரம் போகும். டயரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். 16 அங்குலச் சக்கரத்துக்கு 225/55. பார்க்க அழகென்று 18 அங்குலம் போட்ட கார், தோட்டத்துப் பாதையில் ரிம் நெளிக்கும்.

மீட்டரில் 80,000 தான் ஓடியிருக்கிறது. நம்பலாமா?

இங்கிலாந்திலிருந்து வந்த கார் என்றால் அது மைலா கிலோமீட்டரா என்று முதலில் பாருங்கள். 80,000 மைல் என்பது 1,28,000 கி.மீ.க்கு மேல். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல் வலப்பக்கம், ஓட்டுனர் சீட்டின் வெளி விளிம்பு ஆகிய மூன்றும் மீட்டரோடு ஒத்துப் போக வேண்டும். கராஜ் பாஸிடம் வேறு கம்பியூட்டர்களில் பதிந்த தூரத்தையும் ஸ்கேனரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

விலை ஏன் இன்னும் இறங்கவில்லை?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த 5 வருடமும் பழைய கார்களே கைமாறின; விலை வயதுக்கு ஏற்பக் குறையவில்லை. அதனால் எஸ்.பி.சி. காருக்கும் பிந்திய காருக்கும் இடையே விலை வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தால், யோசிக்காமல் பிந்தியதை எடுங்கள்.

வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது?

காசு கொடுக்குமுன் பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனம் முழு உரிமையாளராக இன்னும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் விடுவிப்புக் கடிதம் கையில் வந்த பிறகே மிச்சப் பணம். கார் கைக்கு வந்ததும் இஞ்சின் ஒயில், ஃபில்டர், கியர் ஒயில், பிரேக் ஒயில், கூலன்ட், இஞ்சின் பெல்ட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள், விற்பவர் போன மாதம் மாற்றியதாகச் சொன்னாலும். பாகங்களுக்குக் கொழும்பில் வாகனப் பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது செசி நம்பரைக் கையில் வைத்திருங்கள். “2006 மொடல்” என்று கேட்டால் முன் மாற்றத்து பிரேக் பேட்டையே எடுத்துத் தருவார்கள், அது 2006 கடைசியில் செய்த காருக்குப் பொருந்தாமல் போகலாம்.